மூணு பூட்டு வீட்டுச் செவலச்சி

திருமயத்துக்குப் பக்கத்தில் செட்டிமார் வீடுகள் வரிசை கட்டி நிற்கிற ஓர் ஊரில், ஒரு வீட்டுக்கு மட்டும் மூணு பூட்டு வீடு என்று பெயர். கட்டியவருடைய பெயர் நிலைக்கு மேலே கொட்டை எழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் தெருவே முழிக்கும். மூணு பூட்டு என்று சொன்னால் உடனே கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

பெயருக்குக் காரணம் மூன்று பங்காளிகள். மூத்தவர் ராமசுப்பிரமணியன் சென்னையில். இளையவர் சண்முகம் கோயம்புத்தூரில். நடுவில் பிறந்தவர் காலமாகிவிட்டார். அவர் மனைவி மீனாக்ஷி ஆச்சி பெங்களூரில் மகனோடு இருக்கிறார். சாவி யாரிடம் இருப்பது என்று ஒரு காலத்தில் வாய்ச்சண்டை வந்து, வளர்ந்து, கடைசியில் தலைவாசல் கதவில் ஆளுக்கொரு பூட்டைத் தொங்கவிட்டார்கள். மூவரும் சேர்ந்து வந்தால்தான் வீடு திறக்கும். உள்ளே முற்றத்தைச் சுற்றி ஆளுக்கோர் அறை, அதற்கும் தனித்தனிப் பூட்டு. மூவரும் படித்தவர்கள், நாலு இடம் பார்த்தவர்கள். பூட்டு விஷயத்தில் மட்டும் பச்சைப் பிள்ளைகள்.

சண்முகத்தின் மகள் விசாலிக்குக் கல்யாணம் என்று இந்த வருஷம் வீடு திறந்தது. கல்யாணம் அமர்க்களமாக நடந்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முடிந்து கிளம்பும்போதுதான் கூத்து. யார் எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடியே வெளியே வந்தார்கள். ஒருவர் பூட்டும்போது மற்ற இருவரும் பக்கத்தில் நின்று கவனித்தார்கள். இப்படி ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருந்ததில், வீட்டுக்குள் ஒரு தடவை பார்வையை ஓட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று காரும் மூன்று திசையில் போய்விட்டன.

மறுநாள் காலையில் செல்வராணி ஸ்கூட்டியில் அந்தத் தெருவுக்கு வந்தாள். திருமயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருப்பவள். கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் லாரியில் அடிபட்ட ஆடு, ஒற்றைக்கண் பூனை, நடக்க மாட்டாத நாய்கள் என்று ஒரு கூட்டமே குடித்தனம் நடத்துகிறது. சுற்றுவட்டாரத்தில் எங்கே ஒரு பிராணி அடிபட்டுக் கிடந்தாலும் போன் அவளுக்குத்தான் வரும். வந்த போனை அவள் எடுக்காமல் இருந்ததில்லை. யாரிடமும் கெஞ்சிக் கேட்டும் அவளுக்குப் பழக்கமில்லை.

அன்றைக்கு அவள் வந்தது செவலச்சிக்குச் சோறு வைக்க. செவலச்சி அந்தத் தெருவின் செம்பட்டை நிற நாய். போன கோடையில் காதில் புழு வைத்துச் சாகக் கிடந்ததை எடுத்துப் போய்ப் பிழைக்க வைத்தவள் செல்வராணி. இப்போது மூணு பூட்டு வீட்டுக்கு எதிர் வீட்டு இடிந்த கார் ஷெட்டில் ஐந்து குட்டி போட்டிருந்தது. குட்டிகளுக்கு இப்போதுதான் கண் திறந்திருந்தது.

ஷெட்டில் தாயும் இல்லை, குட்டியும் இல்லை. “செவலச்சி!” என்று தெருவே கேட்கக் கூப்பிட்டாள். பதில் மூணு பூட்டு வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. ஈனமான ஒரு முனகல்.

தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நாகராசு ஏணியோடு வந்தான். பக்கத்து வீட்டு மாடி வழியாக இருவரும் கூரைக்குப் போனார்கள். முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை போட்டிருந்தது. அதன் வழியே கீழே பார்த்தால், செவலச்சி முற்றத்தின் நடுவில் நின்று தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தது.

“கல்யாணத்து வெடிச் சத்தத்துக்குப் பயந்து உள்ள ஓடியிருக்கும்க்கா,” என்றான் நாகராசு. “வலையை அறுத்து இறங்கிரலாமா?”

“யாரு வலை?”

“நான் போட்டதுதான். ஆனா வீடு அவுக வீடு. கேக்காம எறங்குனா வீடு புகுந்தான்னு கேசப் போட்டுருவாகளே.”

வலை போட்ட வகையில் மூன்று பேருடைய நம்பரும் நாகராசுவிடம் இருந்தது. முதலில் கோயம்புத்தூருக்குப் போட்டார்கள். சண்முகம் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

“ஐயையோ, பாவம். ஒண்ணு செய்ங்க, மேல இருந்தே தண்ணி ஊத்தி, சோத்தப் போடுங்க. அடுத்த மாசம் மறுவீட்டுக்கு எல்லாரும் வாரோம். அப்பத் தொறந்து விட்ருவோம்.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நாகராசு கூடத் தலையாட்டினான். ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டார்கள். கல்யாணத்துக்குப் போட்டு மறந்துபோன ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் அது தேங்கியது. செவலச்சி நக்கி நக்கிக் குடித்தது. பொட்டலத்தைப் பிரித்து வலைச்சந்து வழியாகச் சோற்றைப் போட்டாள். செவலச்சி அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி ஓடி, ஓர் அறைக்கதவின் கீழே மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது. எழுந்து பிராண்டியது. மறுபடி படுத்தது.

செல்வராணி வலையில் முகத்தைப் பதித்துப் பார்த்தாள். செவலச்சி ஓடிய வழியில் தரையில் சொட்டுச் சொட்டாக வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மடி கல்லாகக் கட்டியிருந்தது.

“நாகராசு, இது வெளிய வரணும்னு அழுகலடா,” என்றாள். “குட்டி அந்த அறைக்குள்ள இருக்கு. பால் கட்டிப்போயி தானா வடியுது. அதுக நேத்து சாயங்காலத்துல இருந்து பட்டினி.”

“எத்தன நேரம் தாங்கும்?”

“இன்னைக்குப் பொழுது தாங்குனாப் பெரிசு.”

அது ராமசுப்பிரமணியனின் அறை. கல்யாணத்தின்போது அதன் வாசலில் ஒரு திரையைக் கட்டிவிட்டு அவர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தார், உறவுக்காரர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. நாய்க்குத் திரை ஒரு பொருட்டா? வெடிக்குப் பயந்து ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு வந்து, ஊரிலேயே ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து ஒளித்து வைத்திருக்கிறது.

செல்வராணி மூவரையும் ஒரே அழைப்பில் கூட்டினாள். விசாலி கல்யாணத்தில்கூட மூவரும் இத்தனை நெருக்கமாகப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

“பூட்டை ஒடைக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல,” என்றார் மீனாக்ஷி ஆச்சி. “ஆனா முதல்ல அவுக ரெண்டு பேரு பூட்டும் ஒடையட்டும்.”

“அதெப்படி? ஏம்பூட்டு கடைசில ஒடையட்டும்,” என்றார் சண்முகம்.

“மூத்தவன் நான். ஏம்பூட்டுத்தான் கடைசி,” என்றார் ராமசுப்பிரமணியன்.

செல்வராணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஒங்க பூட்டு வெளங்கிரும்! அங்கிட்டு அஞ்சு உசுரு துடிக்குது, இங்கிட்டு யாரு முன்ன யாரு பின்னன்னு பந்திக்கு எடம் போடுறீக. ஒருத்தரை ஒருத்தர் நம்ப வேணாம், நான் நம்பச் சொல்லவும் இல்ல. மூணு பூட்டையும் ஒரே நேரத்துல அறுக்கச் சொல்றேன். மூணு போன்ல மூணு பேரும் கண்ணால பாருங்க. அப்பறம் என்ன?”

 

“சரி,” என்றார் ஆச்சி. “சரி,” என்றார் சண்முகம். ராமசுப்பிரமணியன் மட்டும் இழுத்தார். “தலைவாசலைத் தொறங்க. நாய வெளிய விடுங்க. என் அறையத் தொறக்க வேணாம். அதுக்குள்ள குட்டியெல்லாம் இல்ல, நானே பாத்துத்தான் பூட்டுனேன்.”

“நீங்க பூட்டும்போது தம்பி கையைத்தானே பாத்துக்கிட்டிருந்தீக?”

செல்வராணி விடவில்லை.

“ஐயா, நாளைக்கு நீங்களே வந்து தொறந்தா அள்ளிப் பொதைக்கத்தான் வேணும். பொதைக்கவும் நான்தான் வருவேன். அப்ப ஒங்க பேரச் சொல்லிக்கிட்டேதான் குழி வெட்டுவேன், ஆமா.”

“தொறங்க,” என்றார் ராமசுப்பிரமணியன். குரல் இறங்கியிருந்தது. “ஆனா அறைக்குள்ள அவுக ரெண்டு பேரும் பாக்கப்படாது. நீங்க மட்டும் போங்க.”

நாகராசு பட்டறையிலிருந்து இரண்டு ஆட்களோடு கட்டிங் மெஷினும் இரண்டு ரம்பமும் கொண்டுவந்தான். ஆளுக்கொரு வீடியோ கால் போட்டு, ஆச்சியும் சண்முகமும் தெரிந்த இரண்டு போனையும் அவன் மனைவி சொர்ணவல்லி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது, ராமசுப்பிரமணியன் தெரிந்த போன், செல்வராணி கையில். ஒரே கதவில் மூன்று பேர் முட்டி மோதிக்கொண்டு அறுக்க, பொறி பறந்தது. தெருவில் போன பால்காரர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். “சண்முகம் பூட்டு மெதுவாப் போகுதே,” என்று ஒரு போன் கத்தியது. “மெஷினை அந்தப் பூட்டுக்குக் குடுத்தது யாரு?” என்று இன்னொரு போன் கேட்டது. அறுக்கிறவர்கள் போனில் இருந்த மூவரையும் மனசுக்குள் வைதுகொண்டே அறுத்தார்கள். கடைசியில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் கீழே விழுந்தன.

கதவு திறந்ததும் செவலச்சி வெளியே ஓடி வரும் என்று எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். அது வாசல் பக்கமே வரவில்லை. செல்வராணியின் சேலையைக் கவ்வி ஓர் இழுப்பு இழுத்துவிட்டு அந்த அறைக்கதவுக்கு ஓடியது. கதவின் அடிப்பலகை முழுக்கக் கீறலும் ரத்தமுமாக இருந்தது. நகம் பிய்ந்து போகப் பிராண்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் செல்வராணிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. “அறுடா சீக்கிரம்,” என்றாள்.

சொர்ணவல்லி சொன்ன சொல் மாறாமல் இரண்டு போனையும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். பூட்டு விழுந்தது. செல்வராணி ராமசுப்பிரமணியனின் போனோடு உள்ளே போனாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

அண்டா இல்லை, குண்டான் இல்லை, பீரோ இல்லை. இத்தனை வருஷமாக ஊரும் உறவும் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டிருந்த அறையில் நாலு சுவரும் ஒரு பழைய பஞ்சு மெத்தையும்தான். மெத்தைக்குப் பின்னால், மூலையில், ஐந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. நாலு அசைந்தன. கறுப்புக் குட்டி அசையவில்லை.

எடுத்தால் சில்லிட்டிருந்தது. செல்வராணி அதைக் கழுத்தோடு அணைத்து, முந்தானையால் முதுகைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். “போயிராதடி, இம்புட்டு பூட்ட அறுத்துட்டு வந்திருக்கேன், போயிராத,” என்றாள். அதற்குள் செவலச்சி பாய்ந்து வந்து மற்ற நாலையும் மடியில் சேர்த்துக்கொண்டு சரிந்து படுத்துவிட்டது. சப்புகிற சத்தம் அந்த வெற்று அறையில் பெரிதாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கறுப்பு ஒரு தடவை வாயைத் திறந்து கீச்சென்றது. செல்வராணிக்கு உயிர் வந்தது.

“அம்மா,” என்று கையிலிருந்த போன் மெல்லக் கூப்பிட்டது. அவர் ஒருவர் இருப்பதையே அவள் மறந்துவிட்டிருந்தாள். “பாத்துட்டீகளா?”

“குட்டியைப் பாத்தேன்யா. அஞ்சும் இருக்கு.”

“நான் அறையப் பத்திக் கேட்டேன். தொழில் படுத்தப்ப ஒவ்வொண்ணா எடுத்து வித்துப்புட்டேன். இந்தப் பூட்டெல்லாம் வாரதுக்கு முந்தியே. எம்பங்குதான், யாரு வீட்டுதும் இல்ல. ஆனா எங்க ஆத்தா கொண்டாந்த சீரு. மூத்தவன், ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்கலன்னு அவுகளுக்குத் தெரிஞ்சா...”

செல்வராணிக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெளியிலிருந்து மீனாக்ஷி ஆச்சியின் குரல் கேட்டது: “ஏம்மா, உள்ள என்ன இருக்கு?”

“குட்டி இருக்கு ஆச்சி. அஞ்சும் உசுரோட இருக்கு,” என்று உரக்கச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனைப் பார்த்து, “நான் வாயத் தொறக்க மாட்டேன்யா. நீங்க நிம்மதியா இருங்க,” என்றாள்.

ராமசுப்பிரமணியன் போன் திரையில் செவலச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பிய்ந்த நகத்தோடு குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தது.

“அவுக போனையும் உள்ள கொண்டாரச் சொல்லுங்க,” என்றார்.

“ஐயா, வேணாமே.”

“இல்ல. கொண்டாரச் சொல்லுங்க. இன்னும் எத்தன நாளைக்குத்தான் பூட்டிக்கிட்டே இருப்பேன்.”

சொர்ணவல்லி உள்ளே வந்து இரண்டு போனையும் திருப்பினாள். சுவர், சுவர், தரை, மெத்தை. ஒளிவு மறைவில்லாமல் எல்லாம் தெரிந்தது. ராமசுப்பிரமணியன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வரப்போகிற ஏச்சுக்குக் காத்திருந்தார். செல்வராணி கறுப்புக் குட்டியைச் செவலச்சியின் மடியோரம் விட்டாள். மற்றவை அதை முட்டித் தள்ளின.

மீனாக்ஷி ஆச்சிதான் முதலில் பேசினார்.

“அந்தக் கறுப்புக்கு எடம் இல்லையேம்மா. அந்த வெள்ளைக் குட்டியக் கொஞ்சம் நகத்தி விடேன்.”

“ஆமா, ஆமா,” என்றார் சண்முகம் அவசரமாக. “அண்ணே, ஒங்க பக்கம் தெரியுதா? அது குடிக்குதா?”

செல்வராணி வெள்ளைக் குட்டியை நகர்த்திவிட்டாள். கறுப்பு தடவித் தடவிக் காம்பைப் பிடித்தது.

“குடிக்குதுப்பா,” என்றார் ராமசுப்பிரமணியன். கறுப்புக் குட்டிக்கு வயிறு நிறையும் வரைக்கும் மூன்று பேரில் ஒருவரும் போனை வைக்கவில்லை.