ஜன்னலைப் பார்த்த நாற்காலி

"சார், அந்த நாற்காலியை விட்டு எழுந்திருங்க."

சொல்லிவிட்டேன். வெளியே செருப்பைக் கழற்றும்போதே அம்மா என் கையைப் பிடித்து எச்சரித்திருந்தாள். "என்ன வேணா கேளு. ஃபேனை நிறுத்தச் சொல்லு, மேஜையைக் காலி பண்ணச் சொல்லு. முதலாளி ஐயாவை மட்டும் எழுந்திரின்னு சொல்லிடாத. அந்த நாற்காலியில உக்காந்துட்டார்னா யாருக்காகவும் எழமாட்டார்."

இப்போது என் முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சை இழுப்பது கேட்டது.

அம்மா இந்தக் கம்பெனியைக் கூட்டித் துடைப்பவள். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் சுவரில் தொங்குகிறது, வேலைதான் வந்தபாடில்லை. தோழி ஒருத்தி விட்டுப்போன பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆட்களைப் படமெடுக்கிறேன். ஸ்டுடியோ கிடையாது, விளக்கு கிடையாது. ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, துணி காயப்போடும் கிளிப்புகள், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட யாரோ வாங்கிய டிவி பெட்டியிலிருந்து எடுத்த தெர்மாகோல் பலகை. மிச்சத்துக்கு அந்தந்த வீட்டு ஜன்னலே துணை. என் கடை அவ்வளவுதான்.

வரவேற்பறைச் சுவரில் மாட்ட முதலாளிக்குப் படம் வேண்டும். ஸ்டுடியோவுக்குப் போய்க் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. அம்மா அவர் அறை வாசலில் நின்று நின்று, கடைசியில் ஒரு நாள் கேட்டேவிட்டாள். "வரச் சொல்லு. படம் நல்லா வந்தா விளம்பரப் பிரிவுல ஒரு இடம் இருக்கு, நிரந்தரமாவே போட்டுடலாம்" என்றிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா தூக்கத்தில்கூட 'நிரந்தரம்' என்கிறாள்.

"உக்காந்தபடியே எடு" என்றார் முதலாளி.

எடுத்தேன். கேமரா திரையை அவர் பக்கம் திருப்பினேன். பக்கத்தில் நின்ற மானேஜரும் எட்டிப் பார்த்தார். அம்மா அவருக்கு வைத்த பெயர் ஆமாஞ்சாமி.

"அருமையா இருக்கு சார்" என்றார் ஆமாஞ்சாமி.

"இதுல எங்கய்யா என் மூஞ்சி?"

"ஆமா சார். அது ஒண்ணுதான் இல்ல."

அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஜன்னல். வெளிச்சம் மொத்தமும் அவர் முதுகில் கொட்டுகிறது. படத்தில் இரண்டு காதும் ஒரு கறுப்பு உருண்டையும்தான்.

"ஃபிளாஷ் போடேன்."

"போட்டா நெத்தியில எண்ணெய் வழியற மாதிரி வரும் சார். பின்னாடி ஜன்னல் கண்ணாடியில வெள்ளையா ஒரு பொட்டு விழும்."

"ஜன்னல் திரையை இழுத்து மூடிட்டு டியூப் லைட்ல எடு."

"அது தலைக்கு நேரா இருக்கு. கண்ணு ரெண்டும் குழியாயிடும்."

"படிச்ச பொண்ணுன்னாங்க. எதுக்கும் முடியாதுங்கற?"

"முடியும் சார். நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காந்தா."

மேஜைக்கு இந்தப் பக்கம், ஜன்னலைப் பார்த்தபடி, கைப்பிடி தேய்ந்த ஒரு நாற்காலி கிடந்தது. வேலை கேட்டு வருபவர்கள், விடுப்பு கேட்டு வருபவர்கள், மன்னிப்பு கேட்டு வருபவர்கள் உட்காரும் நாற்காலி.

"அதுலயா? என்னையா?"

"வெளிச்சம் அங்கதான் விழுது."

இந்த அறையை அமைத்தவன் யாரோ, அவனுக்கு என் தொழில் தெரிந்திருக்கிறது. கேட்க வருபவனின் முகத்தில் ஒவ்வொரு துடிப்பும் தெரியும். கொடுப்பவரின் முகம் இருட்டு. "ஐயா இன்னைக்குக் கோவமா இருந்தாரா, சிரிச்சாரான்னே தெரியலடி" என்று அம்மா வீட்டுக்கு வந்து தினமும் புலம்புவாள். எப்படித் தெரியும்?

ஆமாஞ்சாமி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். நான் கேமராவைக் கழுத்திலிருந்து இறக்கவில்லை. முதலாளி பேனா மூடியைத் திறந்தார், மூடினார். திறந்தார்.

"சரி. முதல்ல வேற யாரையாவது உக்கார வச்சுக் காட்டு. நல்லா வந்தாத்தான் நான் எழுந்திருப்பேன்."

ஆமாஞ்சாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"நீ இல்ல. நீ அந்த அட்டையைப் பிடி. அவங்கம்மா உக்காரட்டும்."

தெர்மாகோலைப் பிடிக்கத்தான் அம்மாவை உள்ளே வரவிட்டிருந்தார்கள். அவள் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ, வேண்டாங்கய்யா. நான் நின்னுக்கறேன்."

"உக்காரும்மா. சொல்றேன்ல."

இத்தனை வருஷமாக அந்த நாற்காலியைத் தினமும் துடைப்பவள், முதல் தடவையாக அதில் உட்கார்ந்தாள். நுனியில். பாதி உடம்பு காற்றில். நான் விரிப்பைக் கோப்பு அலமாரியில் கிளிப் போட்டு அவளுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். ஆமாஞ்சாமி பலகையை அவள் மடிக்கு அருகே சாய்த்துப் பிடித்தார். தாடைக்கு அடியிலிருந்த நிழல் கரைந்தது.

"என்னைப் பாரும்மா."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். சீக்கிரம் எடுத்துத் தொலை."

எடுத்தேன். அவள் இரண்டு கண்ணிலும் குட்டி ஜன்னல் ஒன்று விழுந்திருந்தது. நெற்றி வரிகூட அழகாக இருந்தது. யார் இந்த அம்மாள், எந்த ஆபீஸை நடத்துகிறாள் என்று கேட்கலாம் போலிருந்தாள்.

முதலாளி திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "ம்" என்றார். எழுந்தார்.

மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அம்மா துள்ளி எழுந்து ஒதுங்கினாள். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மாவுக்குப் புரிந்தது. இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி, குனிந்து, தான் உட்கார்ந்த இடத்தைத் துடைத்தாள். சாய்மானத்தைத் துடைத்தாள். கைப்பிடிகளையும் துடைத்தாள். உட்கார்ந்தபோது அவற்றில் அவள் கை பட்டிருக்கவேயில்லை. அவர் தலையைத் திருப்பாமல் காத்துக்கொண்டிருந்தார்.

என் கண் கேமராவில்தான் இருந்தது. விரல் அழுத்தியது. அந்தச் சத்தத்தை அறையில் யாரும் பொருட்படுத்தவில்லை.

பிறகு அவர் உட்கார்ந்தார். அம்மா பலகையை வாங்கிப் பிடித்தாள். கோபம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்காது, இறுகும். "தாடையைக் கொஞ்சம் கீழ சார். மூக்குக்கண்ணாடியை மேல தள்ளுங்க. தோளைத் தளர விடுங்க." வேலையில் குறை வைக்கவில்லை. அவருக்கும் ஒரு முகம் இருந்தது. களைத்த, சாதாரண முகம்.

கேமராவை வாங்கிப் பார்த்தவர் சிரித்தேவிட்டார். "பரவாயில்லையே! திங்கக்கிழமை வந்து சேர்ந்துடு."

பலகையோடு சேர்த்து அம்மா கையைக் குவித்தாள். ஆமாஞ்சாமி "நான் அப்பவே சொன்னேன் சார்" என்றார். முதலாளி சிரித்தபடியே பொத்தானைப் பின்னோக்கித் தட்டிக்கொண்டு போனார். ஓரிடத்தில் கை நின்றது. சிரிப்பும் நின்றது.

"இது எதுக்கு?"

குனிந்து துடைக்கும் அம்மா. பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டியபடி அவர்.

"கண்ணுல பட்டுது. எடுத்தேன்."

"நான் துடைக்கச் சொன்னேனா?"

"சொல்லல சார். துடைக்கிற வரைக்கும் நின்னீங்க."

ஆமாஞ்சாமி தன் செல்போனில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"அழிச்சிடு" என்றார் முதலாளி. குரல் ஏறவில்லை. "அழிச்சாத்தான் திங்கக்கிழமை."

கேமராவை வாங்கி அம்மாவிடம் நீட்டினேன். "நீயே பாரு. இது உன் படம்."

அவள் பார்த்தாள். அவரைத் திட்டுவாள் என்றா எதிர்பார்த்தேன்? என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னை எதுக்குடி இப்படி எடுத்த? குனிஞ்சிருக்கறப்பவா எடுப்ப?" கேமராவை என் கையில் திணித்தாள். "நாலு பேர் பார்த்தா என்ன நெனப்பாங்க? அழி. முன்னாடி உக்காந்து எடுத்தியே, அது மட்டும் இருக்கட்டும்."

அவரிடம் பேச எனக்கு நூறு வார்த்தை இருந்தது. ஆனால் படம் அவளுடையது. அவள் கண் முன்னாலேயே அழித்தேன்.

"கெட்டிக்காரி" என்று முதலாளி எழுந்தார். "படிச்ச புத்தின்னா இதுதான். எது நல்லதுன்னு புரிஞ்சுக்கிட்ட பாரு."

அப்போதுதான் உறைத்தது. அவர் சொன்னதற்காக அழித்தேன் என்று நினைத்துக்கொண்டார். வேலைக்கு விலையாக. அம்மா கேட்டதற்காகத்தான் அழித்தேன் என்பது, திங்கட்கிழமை நான் இந்தப் படியேறி வந்தால் பொய்யாகிவிடும். ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு சம்பளக் கையெழுத்திலும் பொய்யாகும்.

கிளிப்புகளைக் கழற்றினேன். விரிப்பை மடித்தேன்.

"உங்க படத்தை மானேஜருக்கு அனுப்பிடறேன் சார். திங்கக்கிழமை நான் வரல."

"ஏய்!" அம்மா பலகையைக் கீழே போட்டாள். "பைத்தியமாடி உனக்கு? ஐயா, அவ ஏதோ தெரியாம..."

"தெரிஞ்சுதாம்மா சொல்றேன்."

அவர் தன் நாற்காலிக்குத் திரும்பியிருந்தார். முகம் மறுபடி இருட்டு. "உங்கம்மா இங்கதான் வேலை பார்க்கறா. ஞாபகம் இருக்கட்டும்."

அம்மாவைப் பார்த்தேன். அவள் இடுப்பிலிருந்த துணியை உருவிக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போ" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "வீட்டுக்கு வர்றேன், இருக்கு உனக்கு. போ."

"ஏம்மா, அட்டையை விட்டுட்டுப் போறியே" என்று ஆமாஞ்சாமி கூப்பிட்டார்.

நான் திரும்பவில்லை. வேறு டிவி பெட்டி கிடைக்கும். கேமராவைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், படியிறங்கினேன்.