அரை அரை இன்ச்சாக

"ஆறு வருஷமா அதே பேன்ட் மாப்ள. ஒரு இன்ச் ஏறல. இதைவிட என்ன டெஸ்ட் வேணும் உனக்கு?"

பேருந்து ஓட்டுநர் இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். சீருடை பேன்ட் வயிற்றுக்குக் கீழே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எதிரே ஊசியும் குழாயுமாக நின்றிருந்தான் மனைவியின் தம்பி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஏழு மணிக்கே வந்துவிட்டான்.

"பேன்ட்டுக்கு சுகர் வராது மாமா. கைய நீட்டுங்க, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"அப்ப எறும்பையே அனுப்பு, நான் பேசிக்கிறேன்."

ஜன்னலோரம் தையல் மெஷினில் குனிந்திருந்த மனைவி சிரிக்கவில்லை. பெடலில் அவள் கால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நூலே கோக்காத ஊசி மேலும் கீழும் போய் வந்தது.

தம்பி பெட்டியை மூடினான். பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு பாக்கி, அரை மணி நேரத்துக்குள் மனசு மாறினால் கூப்பிடு, அதற்குள் வாயில் எதையாவது போட்டுவிட்டால் இன்றைக்கு அவ்வளவுதான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அடுத்த ஞாயிறும் இதே பேன்ட்தான் இருக்கும் என்று ஓட்டுநர் மேலிருந்து குரல் கொடுத்தான்.

அந்த பேன்ட்டைப் பற்றிய உண்மை அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் அவனுடைய அண்ணன் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நாற்பத்தாறு வயது. அதன் பிறகு இவன் மாதக்கணக்கில் தன் மணிக்கட்டில் விரல் வைத்தபடியேதான் தூங்கினான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தினாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பமாட்டான். எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அவ்வளவுதான் என்று ஒருமுறை, ஏதோ பேருந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னான்.

அந்த நாட்களில்தான் ஒரு காலை பேன்ட்டின் கொக்கி மாட்டவில்லை. அவன் முகம் வெளுத்தது. துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அன்றே பின்பக்கத் தையலைப் பிரித்து அரை இன்ச் விட்டுத் தைத்தாள். மறுநாள் கொக்கி மாட்டியது. அவன் விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனான். அந்த விசிலுக்காக இன்னொரு அரை இன்ச். பிறகு அதுவே பழக்கமாகிப் போயிற்று, பொத்தான் அறுந்தால் தைப்பதுபோல.

உள்ளே விட்டிருந்த துணி தீர்ந்ததும் கால் மடிப்பிலிருந்து வெட்டியெடுத்து இடுப்பில் ஒட்டு வைத்தாள். பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியது. அவன் கண்ணாடி முன்னால் நின்று, இந்த வயசிலும் தனக்கு உயரம் கூடுகிறது என்று பூரித்தான். டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இப்போது கால் மடிப்பிலும் துணி இல்லை. நேற்றுத்தான் துணிக்கடை வரை போனாள். அதே நிறம் கண்ணில் பட்டது. அரை மீட்டர் என்று சொல்ல வாயெடுத்தவள், ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டாள்.

சமையலறையில் ரொட்டி டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. ஜாம் எங்கே என்று ஓட்டுநர் குரல் கொடுத்தான்.

எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். சொல்லிவிட்டால் மறுபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தூங்குவானோ? தூங்காமல் பேருந்து ஓட்டுவானோ? ஒவ்வொரு முறையும் இப்படி நினைத்துத்தான் தையலைப் பிரிக்கப் பிளேடை எடுத்தாள். இந்த முறை எடுக்கவில்லை. கொடியில் கிடந்த, இதேபோலப் பிரித்துத் தைத்திருந்த அவனுடைய இன்னொரு சீருடை பேன்ட்டை இழுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, ரொட்டித் தட்டின் மேலேயே கொண்டுபோய்ப் போட்டாள்.

"ஜாம் கேட்டா பேன்ட்டத் தர்ற?"

"பின்பக்கத் தையலப் பாருங்க."

பழைய தையல்களின் ஊசித் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன, பயணிகள் இறங்கிப்போன பேருந்தின் இருக்கைகள்போல. அவன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"துணி சுருங்கலைங்க. நான்தான் பிரிச்சு விட்டேன். ஏழு தடவை. மூணரை இன்ச்."

அப்போ உயரம்? அதுவும் இல்லை என்றாள். டிப்போவில் தன்னைக் கேனயனாக்கிவிட்டாய் என்று கத்தினான். கூடவே இருந்து குழி பறித்தாய் என்றான். அவள் மறுக்கவில்லை. கோபத்தில் ஒரு ரொட்டியை உருவினான். வாய்வரை போன கை அங்கேயே நின்றது.

"ஏன் சொல்லல?"

"நீங்க பயந்துடுவீங்கன்னு." நிறுத்தினாள். "இல்ல. எனக்குத்தான் பயம். வாயால சொல்லிட்டா நிஜமாயிடுமோன்னு."

ரொட்டி தட்டுக்குத் திரும்பியது. அவன் ஜன்னல் வரை நாலு எட்டு நடந்தான், அடுப்பு வரை நாலு எட்டு. விரல்கள் தாமாக மணிக்கட்டைத் தேடிப் போயின. அதைக் கவனித்துக் கையைப் பைக்குள் திணித்தான். எத்தனை குழாய் எடுப்பான் என்று கேட்டான். ஊசி புதுசுதானா என்று கேட்டான். எதற்கும் காத்திராமல் அவள் தம்பியைப் போனில் கூப்பிட்டுவிட்டாள். கடைசி வீட்டை விட்டு இறங்கிக்கொண்டிருந்தானாம்.

ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான், இறக்கினான், மறுபடி மடித்தான். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தான். தோளிலிருந்து தரைவரை தொளதொளவென்று ஒரே உடை. தெருவுக்கே அளவெடுப்பவளை யாரும் எப்போதும் அளந்ததில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

"நீயும் இன்னும் ஒண்ணும் சாப்பிடலதானே?" அவன் குரல் இறங்கியிருந்தது. "முதல்ல நீ கைய நீட்டேன். நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."