தீர்மானத்தில் இல்லாத வரி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊராட்சியின் தலைவி இளமதி, கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதித் தரக் கேட்டார். கழிமுகத்தை ஒட்டிய புறம்போக்கில் உள்ள சுரபுன்னைக் காட்டைக் காப்புக்காடாக அறிவிக்கும்படி அரசைக் கோரும் தீர்மானம். அந்த நகர், இந்த நகர் என்று பெயர் வைத்த மனைப்பிரிவுகள் காட்டை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. சட்டம் குறுக்கே நின்றால்தான் உண்டு. தலைகால் புரியாத உற்சாகத்தில் எழுத உட்கார்ந்தேன்.

பச்சைப் பட்டுடுத்திய இயற்கை அன்னை...

(அடித்துவிட்டேன். அன்னைக்கு சர்வே எண் கிடையாது.)

2

இன்னொரு தொடக்கம். இளமதியின் நாத்தனார் சந்திரலேகா வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார். அவளுக்கும் வேறு சில குடும்பங்களுக்கும் அரசு தருவதாகச் சொன்ன இலவச மனை அதே புறம்போக்கில்தான் இருக்கிறது. காப்புக்காடு ஆகிவிட்டால் மனை இல்லை.

முதலில் அவளைக் காட்டை வெட்டத் துடிக்கும் பேராசைக்காரியாக எழுதினேன். வில்லி கிடைத்துவிட்டால் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம். ஆனால் முன்பு புயல் அடித்தபோது அந்தக் காடு காற்றைத் தாங்கியதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளே அவள்தான். பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். பாவம், அவள் கேட்பது ஒரு கூரை.

3

கிராம சபை கூடியது.

(எங்கள் ஊர் வழக்கம் ஒன்று: சொந்தக்காரர் முகத்துக்கு நேரே யாரும் எதிர்த்துக் கைதூக்க மாட்டார்கள். பிடிக்காதவர்கள் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் கைதூக்க, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும்.)

நான் வாசித்து முடித்ததும் சந்திரலேகாவின் கணவர் தமிழ்மணி டீ குடிக்கக் கிளம்பினார். பின்னாலேயே நாலைந்து பேர் போனார்கள். சந்திரலேகாவும் எழுந்தாள். இளமதி தலையைக் குனிந்துகொண்டார்.

முடிவு ஒன்று: அவளும் வெளியே போகிறாள், காடு பிழைக்கிறது. முடிவு இரண்டு: எதிர்த்துக் கைதூக்குகிறாள், குடும்பம் இரண்டாகி...

(இரண்டும் எனக்குத்தான் சௌகரியம்.)

அவள் போகவுமில்லை, எதிர்க்கவுமில்லை.

"காடு இருக்கட்டும் அண்ணி, நானும் கை தூக்குறேன். நாங்க எங்க இருக்கறதுன்னு அதுலயே ஒரு வரி எழுதச் சொல்லுங்க. வெளிய போனவங்கள நானே கூட்டியாரேன்."

இளமதி என்னைப் பார்த்தார்.

4

அந்த வரியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். "மேற்படி குடும்பங்களுக்கு ஊருக்குள்ளேயே அரசு மனை வாங்கித் தர..."

யாரிடம் வாங்கி? ஊருக்குள் காலியாகக் கிடப்பதெல்லாம் பட்டா மனை. அதில் ஒன்று, விலை ஏறட்டும் என்று நான் போட்டு வைத்திருக்கும்...

இதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. உங்களுக்கும் எங்கேயாவது ஒரு மனை சும்மா கிடக்கலாம். பேனாவைப் பிடியுங்கள், வரியை நீங்கள் முடியுங்கள். சந்திரலேகா இன்னும் உட்காரவில்லை.