கதவில் ஓடிய கோடு

"இந்தப் போட்டோவுல இருக்கறது யாரும்மா?"

இருபது வருஷங்களுக்கு முன்னால், நோட்டு அச்சடிக்கும் அலுவலகத்தின் நேர்முகத் தேர்வில் அவளிடம் கேட்ட கேள்வி அது. படத்துக்குக் கீழேயே கொட்டை எழுத்தில் பெயர் இருந்தது. அவளுக்கு முன்னால் உள்ளே போன பதினான்கு பேரும் அந்தப் பெயரைப் படித்துச் சொல்லிவிட்டு வெளியே வந்திருந்தார்கள். அவள் மட்டும் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, "பேரை எழுதினது யாரு சார்?" என்று கேட்டாள். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறாள். நோட்டில் ஒரு முகம் ஏற வேண்டுமென்றால், அது அந்த ஆளின் முகம்தான் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. "நம்ம கல்யாண ஆல்பத்தையாவது விட்டுவை" என்று கணவர் கெஞ்சிப் பார்த்தார். அவள் விடவில்லை. மூன்றாம் பக்கத்தில் இருவருக்கும் நடுவில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஆள் யாரென்று இரண்டு வீட்டாருக்கும் இன்றுவரை தெரியாது.

புதிதாக வரப்போகும் நூறு நோட்டுக்கு முகம் தேடி, மக்களிடமே ஓட்டுக் கேட்டிருந்தார்கள். முதலில் வந்தது ஒரு பெண் டெலிபோன் ஆபரேட்டர். நாற்பத்திரண்டு வருஷங்களுக்கு முன்னால் அணை உடைந்த நாளில், இடத்தை விட்டு எழுந்திருக்காமல் கீழே இருந்த பதினோரு ஊர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, மேட்டுக்குப் போகச் சொன்னவர். பதினோராவது ஊரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. தலையில் இயர்போனோடு, சிரிப்பு வரும் வராது என்ற நிலையில் நேராகப் பார்க்கும் அந்தப் படம் எல்லாப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் உண்டு. பூதக்கண்ணாடிகூடச் சிறுவயதில் அதை வெட்டிப் பென்சில் டப்பாவின் மேல் ஒட்டியிருந்தாள். இப்போது ஓட்டும் அவருக்குத்தான் போட்டாள்.

விதிகள் கொஞ்சம்தான். உயிரோடு இருப்பவரின் முகம் நோட்டில் வரக்கூடாது. நாளைக்கு அந்த ஆள் ஏதாவது வழக்கில் மாட்டினால், கோடிக்கணக்கான நோட்டை யார் திரும்ப வாங்குவது? அசல் படத்தைப் பார்க்க வேண்டும். ரத்த சொந்தம் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு அவள். இதெல்லாம் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடியவில்லையென்றால் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவருக்கு இடம் போய்விடும். இரண்டாவது, அமைச்சரின் மாமனார். அவர் கட்டிய பள்ளிக்கூடங்களைவிட அவருக்கு வைத்த சிலைகள் அதிகம்.

திங்கட்கிழமை ஆபரேட்டரின் வீட்டிலிருந்து அசல் படம் வந்தது. புத்தகத்தில் வருவது சுற்றிலும் வெட்டி, பின்னணியை வெளுத்த படம். அசலில் அறை முழுக்கத் தெரிந்தது. பின்னால் சுவர், ஒரு கதவு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர். சுவரில் நீளமாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கறுப்பு, மேலே வெளுப்பு.

நோட்டு அச்சுக்குத் தகடு செதுக்குகிறவர் உளிகளைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். அவளுடைய முகம் போன போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னக்கா, ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இந்தக் கோட்டைப் பாருங்க."

"பாதிச் சுவருக்கு வேற பெயிண்ட். எங்க வீட்டு மாடிப்படியிலகூட அப்படித்தான் அடிச்சிருக்கு."

"சரி. பெயிண்ட் அடிக்கிறவன் கதவுக்கும் சேர்த்தா கோடு போடுவான்? காலண்டர் மேலயுமா போடுவான்?"

அவர் குனிந்து பார்த்தார். கோடு சுவரிலிருந்து கதவுக்குத் தாவி, காலண்டரின் வயிற்றைக் கடந்து, அந்தப் பக்கச் சுவரில் அதே மட்டத்தில் ஓடியது. தண்ணீர் நின்று வடிந்த கோடு. உளிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார்.

"நான் எதையும் பாக்கலைக்கா. என்னை இதுல இழுக்காதீங்க."

வெள்ளம் வந்து போன பிறகு எடுத்த படம். வெள்ளத்தில் போனவர் அதில் எப்படி உட்கார்ந்திருப்பார்?

அவளுடைய அதிகாரி படத்தை ஒரு தடவை பார்த்தார். அவளை இரண்டு தடவை பார்த்தார்.

"நாட்டுல யாரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இது அவங்கதான்னு சொல்லுவான்."

"அப்படிச் சொல்றவங்க யாரும் அவங்களை நேர்ல பாத்ததில்லையே சார்."

"ஏம்மா, அமைச்சர் வீட்டுல உனக்கு ஏதாவது சொந்தமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சிரிப்பு கண் வரைக்கும் ஏறவில்லை. அவள் மேசைக்குத் திரும்பியபோது, எதிர்வரிசையில் நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது.

புதன்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போனாள். தெருவுக்கே ஆபரேட்டரின் பெயர். வீட்டு வாசலில் பளிங்குப் பலகை. ஆபரேட்டரின் அண்ணன் வாசலுக்கே வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர், சட்டைப் பையில் இரண்டு பேனா. கூடத்தில் அந்தப் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. அதற்கு நேர் கீழே, படத்துக்கு முதுகைக் காட்டி, தையல் மெஷினில் ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசித் தங்கச்சி" என்றார் அண்ணன். "அவ அதிகம் பேசமாட்டா. எதுவானாலும் என்னைக் கேளுங்க மேடம்."

என்னைக் கேளுங்கள் என்று முந்திக்கொள்கிறவர்களிடம் பூதக்கண்ணாடிக்கு எப்போதும் ஒரு கண் உண்டு.

"படம் எப்ப எடுத்தது?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு. பின்னாடி எழுதியிருக்கே."

"எழுதினது யாரு?"

"நான்தான். அன்னிக்கே எழுதி வெச்சேன்."

அவள் படத்தைத் திருப்பினாள். எழுதியிருந்த ஜெல் பேனா கடைக்கு வந்தே இத்தனை வருஷம் ஆகியிருக்காது. அதைச் சொல்லாமல், கோட்டை மட்டும் விரலால் காட்டினாள். அண்ணனுக்குக் காது சிவந்தது.

"எவ்வளவு குடுத்தாங்க மேடம்?"

"யாரு?"

"மாமனார் பக்கம். நாற்பது வருஷமா ஒவ்வொரு ஆபீஸ் படியா ஏறி இறங்கி என் தங்கச்சி பேரை உயிரோட வெச்சிருக்கேன். நீங்க ஒரு கோட்டைத் தூக்கிட்டு வந்து அவளைத் திரும்பவும் முக்கப் பாக்கறீங்க!"

அந்த நேரம் பார்த்து உள்ளே போன் அடித்தது. யாரோ பத்திரிகைக்காரர். நூறு நோட்டைப் பற்றிக் கேட்கிறார் போலிருக்கிறது. அண்ணனின் குரல் உடனே கம்பீரமாகிவிட்டது.

மெஷின் நின்றது. சின்னத் தங்கை நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அறுபத்தொரு வயது. தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. பூதக்கண்ணாடி அதையே பார்த்தாள். பவர் உள்ள கண்ணாடிக்குப் பின்னால் கன்னத்தின் ஓரம் கொஞ்சம் உள்ளே போயோ வெளியே வந்தோ தெரிய வேண்டும். இங்கே கோடு பிசகாமல் நேராக இறங்கியது.

"உங்க கண்ணாடிக்குப் பவரே இல்லையேம்மா."

"தூசிக்குப் போட்டிருக்கேன்."

"எத்தனை வருஷமா தூசி?"

"புத்தகத்துல படம் போட்ட வருஷத்துலேர்ந்து" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல உள்ளே எட்டிப் பார்த்தார். போன் பேச்சு தொடர்ந்துகொண்டிருந்தது.

"வீட்டுல வேற போட்டோ ஒண்ணுமே இல்லையா?"

"எல்லாம் தண்ணியோட போச்சு. துணி போச்சு, பாத்திரம் போச்சு. பேப்பர்காரர் வந்து படம் குடுங்கன்னு நின்னா எதைக் குடுக்கறது? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அச்சுன்னு ஊரே சொல்லும்." துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இதுல இருக்கறது யாருன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க மேடம். அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கார்."

"கேக்கலை."

"அக்கா முகத்தை நினைச்சுப் பாக்கணும்னு கண்ணை மூடினா, இதான் வருது." தலையைத் திருப்பாமல், கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். "அவளுக்குப் புருவத்து மேல ஒரு தழும்பு இருந்தது. இடதா வலதா? அதுகூட மறந்துபோச்சு. இனிமே நோட்டு வேற வந்தா, காய்கறி வாங்கப் போனாலும் இதுதான் கையில இருக்கும்."

நம்புவதா, வேண்டாமா? அண்ணனும் தங்கையும் சேர்ந்தே ஆடுகிறார்களோ? மாமனார் பக்கத்து ஆள் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களோ? எதிரே ஒரு பெண் கண் கலங்க உட்கார்ந்திருக்கும்போதும் இப்படித்தான் புத்தி போகிறது என்று பூதக்கண்ணாடிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"என்கிட்ட இருக்கறது சந்தேகம்தாம்மா. சாட்சி இல்லை. வெள்ளிக்கிழமை உங்க அண்ணனும் நீங்களும் கையெழுத்துப் போட்டா, நானும் போட்டுடுவேன்."

"போடலைன்னா?"

"அமைச்சரோட மாமனார்."

சின்னத் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரா! அந்தக் கன்னத்துக்கு நூறு நோட்டு பத்தாதே. ரெண்டு நோட்டைச் சேத்துல்ல ஒட்டணும்!"

சிரித்தபோது ஒரு நொடி சுவரில் இருந்த முகமும் கீழே இருந்த முகமும் ஒன்றாகவே இருந்தன. அக்கா தங்கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்றும் சொல்லிவிடலாம். அண்ணன் திரும்பி வந்தார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

வியாழக்கிழமை மேசையில் போன் அடித்தது. அமைச்சரின் செயலாளர்.

"சும்மாதான் மேடம். நீங்க ரொம்பக் கவனமா வேலை பாக்கறதா கேள்விப்பட்டோம். நன்றி சொல்லலாம்னுதான்."

அவள் போனை வைத்தாள். அலுவலகத்தில் கோட்டைப் பார்த்தது அவளைத் தவிர இரண்டே பேர். செதுக்குகிறவர் சொன்னாரா? அதிகாரியா? இல்லை, புதன்கிழமை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டே வந்தாரே அந்த ஆளா? யார் சொன்னால் என்ன, தன்னுடைய சந்தேகம் இன்னொருவருக்குக் கூலியில்லாமல் வேலை செய்கிறது என்பது தெளிவாகிவிட்டது. சாயங்காலம் கணவரிடம் சொன்னாள்.

"கையெழுத்தைப் போட்டுட்டு வா" என்றார் அவர். "அந்தப் பொண்ணு பதினோரு ஊரைக் காப்பாத்தினது பொய்யில்லையே."

"அது பொய்யில்லை. அந்த முகம்தான்…"

"முகத்துக்கா ஓட்டுப் போட்டோம்?"

வேறு நாளாக இருந்தால், இவரை யார் அனுப்பினார்கள் என்றுகூட யோசித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அண்ணனும் சின்னத் தங்கையும் வந்தார்கள். நீளமான மேசை. ஒரு முனையில் அதிகாரி. கதவோரம், இழுக்காதீர்கள் என்று சொன்ன செதுக்குகிறவர்தான், இழுக்காமலே வந்து நின்றார். நடுவில் படிவம், அசல் படம், ஒரு பேனா. அண்ணன் தன் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து, பெரிதாக, சுழித்து, கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் தங்கை பக்கம் தள்ளினார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் பூதக்கண்ணாடி. "வாசிச்சுடறேன்."

"வாசிக்கணும்னு விதி இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

"வாசிக்கக் கூடாதுன்னும் இல்லை சார்."

வாசித்தாள். "இந்தப் படத்தில் காணப்படும் முகம் காலமான என் சகோதரியின் முகம் என்றும், வேறு எவருடைய முகமும் அல்ல என்றும் உறுதி கூறுகிறேன்."

போடுங்கள், போட்டுவிடுங்கள் என்று அவளுடைய ஒரு பாதி கெஞ்சிக்கொண்டிருந்தது. போட்டால் நாட்டில் ஒவ்வொரு கையிலும் அந்த ஆபரேட்டர் இருப்பார். இன்னொரு பாதி, இருபது வருஷ வழக்கப்படி, சின்னத் தங்கையின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

சின்னத் தங்கை பேனாவை எடுத்தார். முனை காகிதத்தைத் தொட்டு, ஒரு புள்ளி விழுந்தது. அங்கேயே நின்றது. அவர் படிவத்தைப் பார்க்கவில்லை. படத்தைத் தன் பக்கம் இழுத்து, யாரோ முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல அதில் இருந்த பெண்ணைப் பார்த்தார்.

"போடும்மா" என்றார் அண்ணன். "எல்லாரும் காத்துட்டிருக்காங்க. அவளுக்காகப் போடு."

'அவளுக்காக' என்ற சொல்லில் சின்னத் தங்கையின் தலை நிமிர்ந்தது. அண்ணனைக் கோபமில்லாமல் பார்த்தார்.

"பன்னிரண்டாகப் போகுது" என்றார் அதிகாரி, யாரிடமும் இல்லாமல்.

சின்னத் தங்கை பேனாவுக்கு மூடி போட்டு, படிவத்தின் மேல் குறுக்காக வைத்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்தார். "எங்கே போறே? ஏய், உன்னைத்தான்! இங்கே வா!" என்று அண்ணன் பாதி எழுந்து கூப்பிட்டார். செதுக்குகிறவர் கதவை விட்டு விலகி வழிவிட்டார். சின்னத் தங்கை வெளியே போய், படியில் இறங்கினார்.