சாயங்கால டம்ளர்

"துண்ட இப்டி குடு நைனா!"

யசோதா வெடுக்கென்று பிடுங்கினாள். வெயிலுக்காக நனைத்துத் தலையில் போட்ட ஈரத்துண்டின் முனையைத் தணிகாசலம் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். அப்பாவின் மோவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். உதட்டையும் விடவில்லை.

பிச்சாட்டூர் ஏரி அன்றைக்கென்று பார்த்து நிரம்பிக் கிடந்தது. கண் போகிற மட்டும் தண்ணீர், அதுவும் நல்ல தண்ணீர். வண்டி மாடுகள் இரண்டும் முழங்கால் ஆழத்தில் நின்று குடித்தன. அவற்றைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

தணிகாசலத்துக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. பிழைக்க மாட்டார் என்று திருப்பதி டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். "எக்குவ நீள்ளு இவ்வொத்தம்மா" என்று வாசல் வரை வந்து இன்னொரு தரமும் தெலுங்கில் சொன்னார், அதிகம் தண்ணீர் கொடுக்காதே என்று. பட்டாளத்திலிருக்கும் யசோதாவின் தம்பி கோவர்த்தனன் வெள்ளிக்கிழமை வருகிறான். இன்று திங்கள். அவன் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் உயிர் நிற்கட்டும், அதற்காகத்தான் யசோதா அளந்து அளந்து ஊற்றினாள்.

"குடிக்கத்தான் உடமாட்டேன்ற, கண்ணாலயாச்சும் பாத்துட்டு வரேன்" என்று மூன்று நாளாக அவர் நச்சரித்ததில்தான் சித்தப்பா செங்கல்வராயன் வண்டி கட்டினார்.

"ஒரே ஒரு வாய், யசோதா. கொப்புளிச்சி துப்பிடறேன்."

"துப்ப மாட்ட. எனக்குத் தெரியாதா?"

"மாட்டேன்தான்" என்று சிரித்தார் தணிகாசலம்.

"ஒரு கை தண்ணிதானம்மா, குடுத்தா இன்னா?" என்றார் சித்தப்பா.

"நீ சும்மா இரு சித்தப்பா. நைனா, வூட்ல சாயங்கால டம்ளர் மூடி வச்சிக்கீறேன். போனதும் குடி. தம்பிய பாக்க வேணாமா நீ?"

அவர் மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யசோதா ஒரு தரம் தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வீட்டு வாசலில் இறக்கியபோது கண் செருகிவிட்டது. அத்தை கமலம்மா பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"ஐயோ அண்ணா! உசுரு இழுத்துக்கினு கீதே! ஆளுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்துங்கப்பா. தாகத்தோட அனுப்பக் கூடாது."

கூடத்தில் பாய் விரித்தார்கள். சித்தப்பா ஊற்றினார், அத்தை ஊற்றினாள், பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள். யாரும் அளக்கவில்லை. யசோதா சமையலறைக்குப் போய், தட்டு போட்டு மூடியிருந்த டம்ளரை எடுத்து வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"ஊத்தும்மா. பெத்த பொண்ணு நீ, ஊத்தணும்" என்றாள் அத்தை.

அவள் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. வாய் நிரம்பிக் கடைவாய் வழியே கழுத்துக்கு வழிந்து பாயை நனைத்தது.

"தொடைச்சி உடு, யசோதா."

யசோதா துடைக்கவில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு மறுபடியும் குடத்தண்டை போனாள்.