தகப்பன் பெயருக்கு விட்ட இடம்

கைது உத்தரவில் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. லாம்ப்ரோஸ் டிரகாட்சிஸ் காகிதத்தை மேசைமீது வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பெயர்: பனாகோஸ். குடும்பப் பெயர்: குட்ஸோபனாகோஸ். ஊர்: மெலிசோவா. தகப்பன் பெயர் என்று போட்டு, அதற்குப் பிறகு வெறும் புள்ளிகள்.

மெலிசோவாவுக்கு அவர் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். கழுதை விற்ற சீட்டில்கூடத் தகப்பன் பெயர் இல்லாமல் முத்திரை வைத்ததில்லை.

"பக்கத்துப் பள்ளத்தாக்குல பிடிபட்ட ஒருத்தன் சொன்ன பேரு," என்றார் லெப்டினன்ட் வர்தாக்கிஸ். "மெலிசோவாலேர்ந்து மலைக்கு மாவு கொண்டு போறவன் யாருன்னு கேட்டோம். இந்தப் பேரச் சொன்னான். அப்பன் பேரக் கேக்கறதுக்குள்ள மயக்கமாயிட்டான். அப்புறம் முழிக்கல."

அது 1948ஆம் வருடத்து அக்டோபர், உள்நாட்டுப் போர்க் காலம். மலை உச்சிகளில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் இருந்தார்கள். கீழே சாலையில் அரசாங்கப் படை இருந்தது. நடுவில் இருந்த ஊர்கள் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு பிழைத்தன. லெப்டினன்ட் வந்து நான்கு நாளாகிறது. கோலியாஸின் காபிக்கடையைத்தான் அலுவலகமாக்கிக்கொண்டிருந்தார்.

"இது ஒரு வேலையா உங்களுக்கு?" என்றார் லெப்டினன்ட். "எழுதிக் குடுங்க. ஆளக் கூட்டிட்டுப் போறேன்."

"நாலு பேரு இருக்காங்க ஐயா."

"நாலு பேருன்னா?"

"பனாகோஸ் குட்ஸோபனாகோஸ். நாலு பேரு."

அடுப்படியில் நின்ற கோலியாஸ் சிரித்துவிட்டான். "அந்தக் கிழவனுக்கு நாலு பசங்க. நாலு பேரும் மூத்த பையனுக்கு அப்பன் பேர வச்சாங்க. வைக்காம விட்டா கிழவன் சும்மா இருப்பானா? நிலத்தப் பிரிக்கறப்ப தேளுக்கு வீடு கட்டற மேட்டத்தான் குடுப்பான்."

லெப்டினன்ட் முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. படையில் சேருமுன் ஏதென்ஸில் மொழி படித்தவர். போகிற ஊரிலெல்லாம் குடும்பப் பெயர்களை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். "குட்ஸோன்னா நொண்டி. நொண்டிப் பனாகோஸோட வம்சம். யாருய்யா அந்த நொண்டி?"

"மில் கல்லத் தூக்கி கால் ஒடிஞ்சுதுன்னு அவங்க சொல்வாங்க," என்றான் கோலியாஸ். "எங்க வீட்டு அத்தி மரத்துலேர்ந்து திருட்டுத்தனமா குதிச்சதுல ஒடிஞ்சுதுன்னு எங்க வீட்ல சொல்வோம்."

"உங்க பேரு?" என்று எழுத்தரைப் பார்த்தார் லெப்டினன்ட். "டிரகாட்சிஸ். வயல் காவல்காரன். சரிதானே?"

"எந்தக் காலத்துலயோ இருந்திருக்கணும்."

"எங்க கிரீட் தீவுல எல்லாப் பேருக்கும் வால்ல 'ஆகிஸ்'தான். சின்னப்பயன்னு அர்த்தம். துருக்கிக்காரன் எங்கள மட்டந்தட்ட ஒட்டினதுன்னு எங்கப்பா சொல்வாரு. பொய்யா இருக்கும். ஆனா கேக்க நல்லாருக்கும்." நோட்டை மூடினார். "சாயங்காலம் வரைக்கும் நேரம். நிரப்பிக் கொண்டாங்க."

டிரகாட்சிஸ் பதிவேட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பதிவேட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. யானிஸின் மகன் பனாகோஸ், 'அமெரிக்கன்' என்று ஊர் சொல்கிறவன், இருபது வருடமாகச் சிகாகோவில் பாத்திரம் கழுவுகிறான். சிகாகோவிலிருந்து யாரும் மாவு சுமக்க முடியாது. நிகோலாஸின் மகன் பனாகோஸ், 'ஆந்தை', இரண்டு கண்ணும் மங்கிப்போய் வாசல் தாண்டுவதில்லை. டிமோஸின் மகன் பனாகோஸ் அல்பேனியப் போர்முனையில் 1941 பிப்ரவரியில் பனியில் காணாமல் போனான். மிச்சம் ஒருவன்தான். தனாசிஸின் மகன் பனாகோஸ், 'சாட்டை', கோவேறு கழுதை ஓட்டுகிறவன்.

அவன் டிரகாட்சிஸின் மருமகன். ஒரே மகள் மாரோவின் கணவன். மாரோவுக்கு இது ஐந்தாம் மாதம்.

ஆகஸ்டிலேயே அவருக்குத் தெரியும். சேணத்துக்கு அடியில் மாவுப் பொடியைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் பேசவில்லை. இப்போது ஓடிப்போ என்று சொல்லலாம். அவன் மலையேறினால் மாரோ கொரில்லாவின் மனைவி ஆகிவிடுவாள். கொரில்லாக்களின் குடும்பங்களை லாரியில் ஏற்றித் தீவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இல்லாத தீவு, கூடாரத்தில் பிரசவம்.

செத்தவனை யார் என்ன செய்துவிட முடியும்? அந்த எண்ணம் வந்ததும் அவருக்கு உடம்பே லேசானது. அரசாங்கத்துக்காகப் போய் அரசாங்கத்தின் பனியில் கிடக்கிறவன். லெப்டினன்ட் பார்ப்பார், பிடிபட்டவன் வலி தாங்காமல் ஏதோ ஒரு பெயரை உளறினான் என்று முடிவு கட்டுவார், காகிதத்தைக் கிழிப்பார். டிரகாட்சிஸ் பேனாவைத் தொட்டு, தெளிவான எழுத்தில், டிமோஸ் என்று எழுதினார்.

லெப்டினன்ட் காகிதத்தைக் கிழிக்கவில்லை.

"காணாமப் போனவனா?" என்றார். "செத்தவன் இல்லையே. இறப்புப் பதிவு எங்க?"

"இல்லை ஐயா. மனைவி மனு குடுக்கணும். குடுக்கல."

"விதவைப் பென்ஷன்?"

"அதுவும் கேக்கல."

"இந்த மாவட்டத்துல எனக்குப் பதினோரு பேரு காணாமப் போயிருக்கான். பதினோரு பேரும் மலையிலதான் இருக்கான்." லெப்டினன்ட் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "கோலியாஸ், டிமோஸ் மகன் பனாகோஸோட பொண்டாட்டி கறுப்பு கட்டுதா?"

கோலியாஸுக்கு உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. "யாரு, அசிமோவா? கறுப்பா? நீங்க ஒண்ணு. ஏழு வருஷமா ஒரு திவசம் கிடையாது, செத்தவங்களுக்குப் படைக்கிற கோதுமை வேகவச்சது கிடையாது. ஒவ்வொரு வருஷமும் குளிருக்கு முன்னாடி அவன் பூட்ஸுக்குக் கொழுப்பு தடவி வைக்கிறா. நாளைக்கே வந்து மாட்டிட்டுப் போவான்னு நினைப்பு. பாவம், புத்தி கொஞ்சம்..." என்று விரலை நெற்றியில் வைத்துச் சுழற்றினான்.

"புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் லெப்டினன்ட். "நாளைக்குக் காலையில லாரி வரும். அவளும் பொண்ணும். புருஷன் தேடிக்கிட்டு இறங்கி வருவான்."

அவன் டிமோஸின் மகன் இல்லை என்று டிரகாட்சிஸ் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்வதென்றால் மூன்று பேரைத் தள்ளிவிட்டு நான்காவது பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

வெயில் சாயுமுன் அசிமோவின் வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் வெங்காயம் பின்னிக்கொண்டிருந்தாள். நீல நிறப் பாவாடை. பக்கத்தில் அவள் மகள் கனெலா, ஏழு வயது, தகப்பனை நிழற்படத்தில் மட்டும் பார்த்தவள், தாள்களைக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன லாம்ப்ரோ அண்ணே, வரி வசூலா?" என்றாள் அசிமோ. "வெங்காயம்தான் இருக்கு. நாட்டுக்குக் கண்ணீர் வேணும்னா எடுத்துக்க."

அவர் சொன்னார். மாவு, உத்தரவு, லாரி எல்லாவற்றையும் சொன்னார். காலியிடத்தை நிரப்பியது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "டிமோஸ் பேர யாரு குடுத்தது?"

"பிடிபட்டவன் சொன்னதுதான்."

"அவனுக்கு என் மாமனார் பேரு தெரியுமா?"

அவர் பையிலிருந்து மனுவை எடுத்தார். "இதுல கைநாட்டு வை. இறந்துட்டார்னு அறிவிக்கக் கேட்டு நீ குடுக்கற மனு. போன மாசத் தேதி போட்டிருக்கேன்; நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிக்கறேன். கறுப்பு கட்டிக்க. கோதுமை வேகவை, பாதிரியார்கிட்ட நான் சொல்றேன். அவன் காலையில வந்து பார்க்கறப்ப இது துக்க வீடா இருக்கணும்."

"ரெண்டு தடவை இதே காகிதத்த எடுத்துட்டு வந்தே. ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பினேன்."

"அப்ப பென்ஷனுக்காக வந்தேன். இப்ப அந்தப் பிள்ளைக்காக வந்திருக்கேன், அசிமோ."

அவள் கனெலாவைப் பார்த்தாள், வெகுநேரம். "வேகவச்சா என் கையால அவரக் குழில இறக்கின மாதிரி," என்றாள். "பரவாயில்ல. ஆம்பள தாங்கிப்பாரு. பிள்ளை தாங்காது."

கறுப்புத் துணி இரவல் வாங்க முடியாது. இன்னொருத்தியின் துக்கத்தை வாங்கி உடுத்தினால் அந்த வீட்டுச் சாவும் கூட வரும் என்று ஊரில் யாரும் கொடுக்க மாட்டார்கள். அசிமோ கொல்லைப்புறத்தில் செப்புக் கொப்பரையை ஏற்றினாள். வால்நட் காயின் பச்சைத் தோலைக் குவித்துப் போட்டுக் கொதிக்கவிட்டாள். நீலப் பாவாடையையும் இரண்டு சட்டையையும் உள்ளே தள்ளிக் கட்டையால் அமுக்கினாள். கையைத் துடைத்துக்கொள்ளாமலேயே வந்து மனுவில் பெருவிரலை வைத்தாள். மைக்கூட்டைத் திறக்கவே தேவைப்படவில்லை.

காலையில் லெப்டினன்ட் இரண்டு சிப்பாய்களோடு வந்தார். டிரகாட்சிஸும் போக வேண்டியிருந்தது. வீட்டுச் சோதனைக்கு எழுத்தர் சாட்சி. அறை நடுவில் தட்டில் வேகவைத்த கோதுமை, மேலே உலர் திராட்சை, மாதுளை முத்துக்கள். மெழுகுவர்த்தி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அசிமோ கறுப்பில் நின்றாள். துணி இன்னும் காயவில்லை. விளிம்பிலிருந்து தரையில் பழுப்பு நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

லெப்டினன்ட் அந்தச் சொட்டுகளைப் பார்த்தார். பிறகு அவள் கைகளை. மணிக்கட்டு வரை கறை.

"எப்ப இறந்தாரும்மா?"

"நாப்பத்தொண்ணுல."

"கறுப்பு எப்ப கட்டினீங்க?"

சிப்பாய் ஒருவன் அலமாரிக்கு அடியிலிருந்து பூட்ஸை எடுத்து வந்தான். லெப்டினன்ட் தோலை விரலால் மடக்கிப் பார்த்தார். நேற்றுத்தான் கழற்றி வைத்ததுபோல மெத்தென்று மடங்கியது.

"எழுத்தரே," என்றார், குரலை உயர்த்தாமல். "இந்தப் பேர எனக்கு எழுதிக் குடுத்தது நீங்க. இவன் செத்தவன்னா நீங்க எனக்குப் பொய்யான ஆளக் குடுத்திருக்கீங்க, வேற ஒருத்தனக் காப்பாத்த. உயிரோட இருக்கான்னா இந்தம்மா நாடகம் போடுது. ரெண்டுல எது?"

எழுதிக் கொடுத்தது நீங்க. அசிமோவின் தலை மெல்ல டிரகாட்சிஸ் பக்கம் திரும்பியது. அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்கு விடை வந்த மாணவியைப்போலத்தான் பார்த்தாள். அவள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இனி இல்லை.

டிரகாட்சிஸுக்கு மாரோவின் வயிறு கண்ணுக்கு முன் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. பிற்பாடு நினைத்துப் பார்த்தபோதும் அந்த நேரத்தில் வேறு எதுவும் வந்ததாக ஞாபகம் இல்லை.

"நேத்து வரைக்கும் இவ கறுப்பு கட்டினதில்லை ஐயா," என்றார்.

"அது போதும்," என்றார் லெப்டினன்ட்.

லாரி தேவாலயத்துக்கு முன்னால் நின்றது. ஏற்கனவே வேறு ஊர்களிலிருந்து ஏற்றப்பட்ட பெண்கள் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். காபிக்கடை வாசலில் கோலியாஸ் கையில் துடைக்கிற துணியோடு நின்றான்; தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது. சாட்டை பனாகோஸும் கூட்டத்தில் நின்றான், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. ஒருதரம் முன்னால் ஓர் அடி வைத்தான். டிரகாட்சிஸ் அவன் முழங்கையைப் பிடித்தார். அவன் இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் அவரால் பிடித்திருக்க முடியாது. அவன் இழுக்கவில்லை.

அசிமோ கோதுமைத் தட்டை விட்டுவிட்டு வர மறுத்துவிட்டாள். லாரியில் ஏறுமுன் அதை டிரகாட்சிஸிடம் நீட்டினாள்.

"எடுத்துக்க அண்ணே. எடுத்தா என்ன சொல்லணும்னு தெரியும்ல."

அவர் ஒரு பிடி எடுத்தார். "கடவுள் அவர மன்னிக்கட்டும்," என்றார்.

"நேத்து நான் அவரச் சாகடிச்சேன்," என்றாள் அவள், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி. "இன்னைக்குக் காலையில நீ உயிரோட எழுப்பி மலைக்கு அனுப்பிட்ட. எந்தக் காகிதத்த அனுப்பணுமோ அனுப்பு." கனெலாவைத் தூக்கி மேலே கொடுத்துவிட்டு, சக்கரத்தில் கால் வைத்துத் தானே ஏறினாள்.

கோதுமை இனிக்கவில்லை. ஊரில் சர்க்கரை இல்லை.

சனிக்கிழமை, மாவட்டத் தலைநகரான திரிப்போலிக்குப் போகும் தபால்பை கட்டவேண்டிய நாள். மேசைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று கைது உத்தரவின் நகல். இன்னொன்று, இறந்ததாக அறிவிக்கக் கேட்கும் மனு, கீழே பழுப்பு நிறத்தில் ஒரு பெருவிரல். மனு நீதிமன்றத்துக்குப் போனால் போர்முனைப் பட்டியலைப் பார்ப்பார்கள். பார்த்தால் தாயும் மகளும் ஒருவேளை திரும்பி வருவார்கள். அதற்கு முன் யாரோ ஒருவர் டிரகாட்சிஸைக் கூப்பிட்டு, உயிரோடு இருக்கும் பனாகோஸ்களில் மாவு சுமந்தவன் எவன் என்று கேட்பார்.

உத்தரவின் நகலைப் பையில் போட்டார். மனுவைக் கையில் எடுத்தபோது மாரோ கதவைத் தட்டினாள். "அப்பா, சூப் ஆறுது. அவரும் உக்காந்திருக்காரு உங்களுக்காக."

"இதோ," என்றார்.

மனுவை மடித்தார். பதிவேட்டின் அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் வைத்தார். வசந்தத்தில் அனுப்பலாம், அதற்குள் சண்டை முடிந்துவிடலாம், தீவில் குளிர் அவ்வளவு இருக்காது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே பையின் வாயைச் சேர்த்துப் பிடித்து இரண்டு முடிச்சுப் போட்டார். பிறகு அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்.