முப்பத்துநாலாம் நம்பர் சாக்லெட்

காவலாளியின் மனைவிக்கு அந்தக் கட்டடத்தில்தான் வேலை. கீழ்த்தளத்துத் தின்பண்ட எந்திரத்தைத் திறந்து, தீர்ந்துபோனதை நிரப்பி, பூட்டிவிட்டுப் போகவேண்டும். கணவருக்கும் அங்கேதான் வேலை. வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்கவேண்டும். அவர் அதிகமாகப் பார்த்தது எதிரிலிருந்த எந்திரத்தை.

அவருக்குச் சர்க்கரை இறங்காவிட்டால் கால் கட்டைவிரலை எடுக்கவேண்டியதுதான் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். விரலில் இருந்த புண் ஆறுகிற வழியாக இல்லை. கட்டுப்போட்ட விரலுக்கு இடம் வேண்டுமென்று ஷூவின் முனையை வெட்டிவிட்டு நடந்துகொண்டிருந்தார். வீட்டில் ஆள் சுத்தத் துறவி. சர்க்கரை போடாத டீயைக் குடித்துவிட்டு, "இதுவே பழகிடுச்சு" என்று ஒரு பெருமூச்சு விடுவார். அந்த நடிப்புக்குப் பொன்னாடையே போர்த்தலாம். துவைக்க எடுத்த சீருடைப் பையில் மட்டும் எட்டாக மடித்த சாக்லெட் தாள் இருந்தது.

சண்டை போட்டிருக்கலாம். போட்டால் அவர் சத்தியம் செய்வார், அதுவும் அவள் தலையில் கைவைத்து. அவளுக்குத் தன் தலைமேல் கொஞ்சம் அக்கறை இருந்தது. அதனால் வாயைத் திறக்காமல் எந்திரத்தைத் திறந்தாள்.

தட்டை இழுத்தால் உள்ளே சுருள் கம்பிகள் வரிசையாக இருக்கும். சிப்ஸுக்கு அகலமான சுருள், சாக்லெட்டுக்கு நெருக்கமான சுருள். பழைய சரக்கு முன்னால், புதுசு பின்னால், எல்லாம் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். முப்பத்துநாலாம் நம்பர்தான் சாக்லெட்டின் இடம். அங்கே அவள் நார்ச்சத்து பிஸ்கட்டை நிறுத்தினாள். அதைத் தின்பதற்கு அது அடைத்துவந்த அட்டையையே தின்னலாம். சாக்லெட்டை அடித்தட்டின் மூலைக்கு அனுப்பினாள். மறுநாள் அங்கிருந்தும் கிளப்பி வேறு மூலைக்குத் துரத்தினாள். ஒவ்வொரு தடவையும் விலைச்சீட்டையும் ஒழுங்காக மாற்றி வைத்தாள். அவள் வேலையில் யாரும் குறை சொல்லமுடியாது.

காவலாளி முப்பத்துநாலை அழுத்துவது பழக்கதோஷத்தில். மூக்குக்கண்ணாடி போட்டால் உள்ளே எது எங்கே இருக்கிறதென்று தெரியும். ஆனால் போட்டால் வயசும் தெரிந்துவிடும் என்பதால் அது மேசை இழுப்பறையிலேயே குடியிருந்தது. பிஸ்கட் விழுந்தது. மறுநாளும் பிஸ்கட்தான் விழுந்தது. அவர் வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல."

"வேலையில ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல!"

காசு கொடுத்து அட்டை தின்ற மனுஷன் வேறென்ன சொல்வார், பாவம்.

அடுத்த வாரம் எந்திரக் கம்பெனியின் மேற்பார்வையாளர் கழுத்தில் டையோடும் கையில் ரிப்பன் கட்டிய சாக்லெட் பெட்டியோடும் எந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றார். வேலைக்குப் புதுசு. யாருக்கு யார் என்ன உறவென்று தெரியாது.

"பொருளையெல்லாம் இஷ்டத்துக்கு இடம் மாத்தி வைக்கிறீங்களாமே? ஒருத்தர் ஃபோன் பண்ணி, 'நாலு பேர் வந்துபோற இடத்துல இப்படியா பண்றது'ன்னு கத்தியிருக்கார்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு பேர் வந்துபோகிற இடம்! வாசலில் துணி காயப்போட்டாலும் சரி, கொஞ்சம் உரக்கச் சிரித்தாலும் சரி, வீட்டில் கணவர் வாயிலிருந்து அவள் கேட்கிற வசனம் இதுதான். கட்டின பெண்டாட்டிமேலேயே புகார் கொடுத்திருக்கிறார், மகானுபாவர்.

"நீங்களே நேர்ல மன்னிப்புக் கேட்டு இந்தப் பெட்டியைக் கொடுக்கணும். அவர் ஏத்துக்கலைன்னா எந்திரச் சாவியை என்கிட்ட கொடுத்துட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, மேற்பார்வையாளர் புகார் வந்த எண்ணுக்கு ஃபோன் போட்டார்.

பத்தடி தள்ளி, காவலாளியின் சட்டைப்பையில் மணி அடித்தது.

அவர் அதை அமுக்கப் பார்த்தார். அது அமுங்காமல் இன்னும் பலமாக அடித்தது. அதற்குள் இரண்டு பேரும் மேசைக்கு வந்துவிட்டார்கள்.

"சார், நீங்கதான் புகார் கொடுத்ததா? இந்தம்மாதான் பொறுப்பு. சொல்லுங்கம்மா."

அவள் பெட்டியைத் திறந்து இரண்டு கையாலும் நீட்டினாள். "தப்புதாங்க ஐயா. மன்னிச்சிடுங்க. உங்களுக்குப் பிடிச்சதுதான், எடுத்துக்கோங்க."

குரலில் தேன் சொட்டியது. இப்போது இவர் கை நீட்டி எடுத்துவிட்டால் விரலை யாராலும் காப்பாற்ற முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. சாவி போனால் போகட்டும், விரல் போனால் எந்தக் கம்பெனியிடம் புகார் கொடுப்பது?

அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கை பாதி வழி வந்து நின்றது.

"வேணாம் சார். புகாரே தப்பு. அந்தம்மா வைக்கிறதுதான் சரி."

"இனிமே மாத்தாம ஒரே இடத்துல வைக்கச் சொல்றேன், சார்."

"ஐயோ, மாத்தட்டும்! தினம் மாத்தட்டும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "என் கைக்கு அகப்படாத இடமாப் பார்த்து வைக்கச் சொல்லுங்க. என்னால நிறுத்த முடியல."

இழுப்பறையைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை நகர்த்தி, அதற்கடியிலிருந்து பாதி கடித்த சாக்லெட்டை எடுத்து அந்தப் பெட்டிக்குள் போட்டார். அப்படியானால் இன்று காலை கண்ணாடி போட்டே தேடியிருக்கிறார். போட்டுவிட்டு அவளைப் பார்க்கவில்லை. வெட்டின ஷூவுக்குள் தெரிந்த துணிக்கட்டைப் பார்த்தார். நேற்று ராத்திரி அவர் தூங்கியபிறகு அந்தப் புண்ணில் கறுப்பு தட்டியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். அவரும் பார்த்திருக்கிறார். இந்த ஆளுக்கு வெட்கம்தான் இல்லை என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் இவ்வளவு பயம் இருப்பது அவளுக்குத் தெரியாது. பெட்டியை மூடினாள்.

"சரிங்க ஐயா" என்றாள்.

மேற்பார்வையாளருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திரும்பி நடக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"முகப்பழக்கம்தான்."

மேற்பார்வையாளர் போனதும் அவள் எந்திரத்தைத் திறந்தாள். இருந்த சாக்லெட்டையெல்லாம் உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இந்தக் கட்டடத்தில் சாக்லெட் விற்காது என்று கம்பெனிக்குச் சொல்லிக்கொள்ளலாம். முப்பத்துநாலில் பிஸ்கட்டை நிரப்பி, ஒவ்வொன்றின் முகத்தையும் கணவர் மேசைப் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.